மீட் என்றால் இறைச்சி மட்டுமா? பழைய ஆங்கிலம் பெயர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்க்க வருகிற இளைஞர்களின் வரைவுகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. ஆட்கள் மாறுகிறார்கள், தடுக்கி விழுகிற இடம் மாறுவதில்லை. எழுத்துப் பிழையும் ஒருமை பன்மை மயக்கமும் மெய்ப்பில் சிக்கிவிடும், அவற்றை விடுங்கள். ‘மீட்’ என்ற ஒரு சொல்லை வைத்தே மற்றவற்றைச் சொல்லிவிடலாம்.

இன்றைய பொருளை அன்றைய சொல்லுக்கு மாட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவைச் சுற்றிய ஓர் ஆங்கிலேயரின் பயணக் குறிப்பு. பெருமாள் கோயில் திருவிழாவில் ‘ஸ்வீட்மீட்’ கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தார். லட்டோ அதிரசமோ, ஏதோ ஒரு பட்சணம். தமிழில் வந்தது இப்படி: “பக்தர்களுக்கு இனிப்பு இறைச்சி வழங்கப்பட்டது.” மொழிபெயர்த்தவருக்கும் சந்தேகம் வரவில்லை, மெய்ப்புப் பார்த்தவருக்கும் வரவில்லை. அச்சான பிறகுதான் விஷயம் தெரிந்து, பதிப்பகம் அந்த ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) முழுவதையும் கழித்துப்போட்டு மறுபடி அச்சடித்தது. பெருமாள் கோயிலில் இறைச்சியா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

பழைய ஆங்கிலத்தில் ‘மீட்’ என்ற சொல்லுக்கு உணவு என்றுதான் பொருள். ரொட்டி, கஞ்சி, பழம் எதுவானாலும் சரி. ஸ்வீடிஷ் மொழியில் அதன் உறவுச் சொல்லான ‘மாட்’ இன்றும் சாப்பாட்டைத்தான் குறிக்கிறது. இறைச்சிக்கு அன்றைய ஆங்கிலேயர் வைத்திருந்தது ‘ஃபிளெஷ்’ என்பதன் பழைய வடிவம். 1300 வாக்கில்தான் மீட் இறைச்சியின் பக்கம் சுருங்கத் தொடங்கியது. பழைய பொருளும் கூடவே நெடுங்காலம் ஓடியது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளைப் பாருங்கள்: ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் செடிகளும் கனிகளும் மனிதனுக்கு ‘மீட்’ ஆகின்றன. லேவியராகமத்தின் ‘மீட் ஆஃபரிங்’ மாவு, எண்ணெய், தூபவர்க்கம். இறைச்சி துளியும் கிடையாது. 1885-இன் திருத்தப் பதிப்பு அதை ‘மீல் ஆஃபரிங்’ என்று மாற்றியது. தமிழ் வேதாகமத்தில் அது போஜனபலி. எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார்கள்!

‘கற்பூரம் நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டால் மூக்கைப் பொத்தாத நாம், ஆங்கிலம் என்றதும் ஏன் அந்த விவேகத்தை மூட்டை கட்டி வைக்கிறோமோ!

ஒலி ஒன்றானால் வேரும் ஒன்று என்று நம்புவது

மீட் என்று ஒலிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் பல. சந்திப்பதற்கு ஒன்று, அளந்து கொடுப்பதற்கு ஒன்று, ‘ஏற்ற’ என்ற பொருளில் இன்னொன்று. உணவைக் குறிக்கும் மீட்டிலிருந்து இவற்றுக்கு எழுத்து வேறு. சந்திக்கும் மீட்டுக்கும் ‘ஏற்ற’ மீட்டுக்கும் எழுத்து ஒன்றே, வேர் வேறு. ஆதியாகமத்தில் ஏவாளைப் பற்றி வரும் ‘ஹெல்ப் மீட்’ கடைசி வகை. தமிழில் ‘ஏற்ற துணை’. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒட்டி ஒரே பெயர்ச்சொல்லாக்கிவிட்டார்கள். ‘ஹெல்ப்மேட்’ என்ற வடிவத்துக்கும் அதன் சாயல் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இதில் உள்ள ‘மேட்’டுக்குத்தான் உணவோடு உறவு: கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்பது அதன் அடிப் பொருள். இதைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

கூட்டுச்சொல்லை உடைத்துப் பெயர்ப்பது

‘ஸ்வீட்பிரெட்’ ரொட்டி அல்ல. கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் தைமஸ் சுரப்பி, இல்லாவிட்டால் கணையம்.

வேர்ப்பொருள்தான் உண்மைப் பொருள் என்று வாதாடுவது

வேண்டாம். மீட்டின் வேர்ப்பொருள் உணவு என்பதற்காக இன்றைய நூலிலும் அதை உணவு என்று பெயர்க்க முடியாது. கசாப்புக் கடையில் ரொட்டி கிடைக்காது.

சின்ன அகராதியோடு நிறுத்திக்கொள்வது

ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள்களை ஆண்டு வரிசையில் தருகிறது. முதலில் உங்கள் நூல் எழுதப்பட்ட ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதையொட்டிய மேற்கோள்களைத் தேடுங்கள். இன்று மானைக் குறிக்கும் ‘டீர்’ ஒருகாலத்தில் எந்த விலங்கையும் குறித்தது. இன்று பட்டினி கிடப்பதைக் குறிக்கும் ‘ஸ்டார்வ்’ என்றால் அன்று சாவது, பட்டினியாகத்தான் என்றில்லை. இந்த இரண்டையும் இன்றே பார்த்து வையுங்கள், அடுத்து மாட்டப்போவது இவற்றில்தான்.