மேடைக்கும் மேட்டுலயத்துக்கும்: மலையகப் பெண் அரசியலாளர்கள் தவிர்க்க வேண்டிய உடைத் தவறுகள்

இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் வேட்பாளராகவும் பிரதேச சபை உறுப்பினராகவும் மேடையேறும் பெண்கள் கூடியுள்ளனர். 2024 பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்கே சென்றனர். ஆண் உறுப்பினர் எந்தச் சட்டையில் வந்தார் என்பதை எவரும் நினைவில் வைப்பதில்லை. பெண் உறுப்பினர் பேசி முடிக்குமுன்பே அவரது சேலையைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அது நியாயமன்று என்றாலும், தவிர்க்கக்கூடிய சில தவறுகளால் அந்தப் பேச்சுக்கு நாமே தீனி போட வேண்டியதில்லை.

முதல் தவறு, வீட்டுக் கண்ணாடியின் முன் நின்றபடி உடையைத் தெரிவு செய்வது. மேட்டுலயத்துக்கு, அதாவது மேட்டில் வரிசையாக அமைந்த தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, போகும் படிகளில் சமதரை கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை விடாது பெய்யும். ஒரு கையில் குடையும் மறுகையில் கொசுவமுமாக ஏறுகிறவருக்கு, ஒரு தாய் நீட்டும் மனுவை வாங்கக் கை மிஞ்சாது. எனவே அன்று அணியப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகே சேலையைக் கட்டத் தொடங்கி, கரை கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சாட்டின் உள்பாவாடையில் கொசுவம் வழுக்கும், பருத்தி இறுகப் பிடிக்கும். கொசுவத்தை உட்புறமாக ஊக்கால் பருத்தி உள்பாவாடையுடன் இணைத்து, முந்தானையை மடித்துத் தோளில் குத்திவிட்டால் இரு கைகளும் விடுதலை பெறும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை மூடுபனியில் அரைமணி நேரத்தில் துவண்டுவிடும். ஜோர்ஜெட் நனைந்தால் உடலோடு ஒட்டிக்கொள்ளும். நடுத்தரக் கனமுள்ள கைத்தறிச் சேலையும், குளிருக்கு முழுக்கைச் சட்டையும் பெரும்பாலும் போதும். சல்வார் அணிந்தால் மரியாதை குறையும் என்ற அச்சமும் தேவையற்றது. வீடு வீடாகச் செல்லும் நாளில் அதுவே வசதி.

அடுத்தது விலை. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, அதற்காக எத்தனை ஆண்டுகள் குரல் எழுப்ப வேண்டியிருந்தது என்பதை எல்லோரும் அறிவர். சம்பள உயர்வு கேட்கும் மேடையில் அணிந்திருக்கும் பட்டுச் சேலை எத்தனை நாட் பேருக்கு, அதாவது எத்தனை நாள் சம்பளத்துக்கு, சமம் என்பதை முன்வரிசைப் பெண்கள் மனதுக்குள்ளேயே கணக்கிட்டுவிடுவார்கள். அதற்காக வேண்டுமென்றே கசங்கிய சேலையில் வருவதும் கூடாது. தங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தோட்டத்துப் பெண்கள் எவ்வளவு நேர்த்தியாக உடுத்துவார்கள் என்பதை மறந்தவர்தான் அப்படி வருவார்.

எல்லாவற்றிலும் மோசமானது, படம் பிடிப்பதற்காகக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொள்வது. கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் படங்கு என்னும் தடித்த மறைப்பைக் கட்டுவது அலங்காரத்துக்காக அல்ல. காலைப் பனியும் தேயிலை வாதுகளும் உடையை நனைத்துக் கிழிக்காதிருக்கவே. புதுச் சேலைமேல் படங்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் தவறான இடத்தில் போட்டு, இரண்டு இலையைக் கிள்ளிச் சிரிக்கும் படம் கொழும்புப் பத்திரிகைக்கு அழகாக இருக்கலாம். அதே படம் மலையில் கைப்பேசிக்குக் கைப்பேசி ஏளனமாகவே சுற்றும். கொழுந்து பறித்து வளர்ந்தவராயினும் இதைத் தவிர்ப்பதே நல்லது. அந்த அனுபவம் பேச்சில் தானாகத் தெரியும்.

அரச விழாக்களுக்குச் சிங்களப் பெண்களின் கண்டிச் சேலை கட்டலாமா என்று சிலர் தயங்குவர். விருப்பமிருந்தால் தாராளமாகக் கட்டலாம், கட்டாயமென எண்ணத் தேவையில்லை. ஆனால் பழக்கமில்லாத கட்டை முதன்முறையாக மேடையில் பரிசோதிக்கக்கூடாது.

கோயில் திருவிழாவிலும் பாடசாலை விழாவிலும் கட்சி நிறத்தைத் தவிர்ப்பது நாகரிகம். மரண வீட்டில் வெள்ளையோ மங்கிய நிறமோ போதும், நகை வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நேர்ந்தது போன்ற மண்சரிவு நடந்த இடத்துக்குச் செல்பவர், உடுத்த துணியோடு தப்பி வந்தவர்களின் நடுவே நிற்கப்போகிறோம் என்பதை நினைத்து உடுத்த வேண்டும். அங்கே மழைச்சட்டையும் சேற்றில் நடக்கக்கூடிய சப்பாத்துமே சரியான உடை.

தொலைக்காட்சிக்குப் போகும்போது நெருக்கமான மெல்லிய கோடுகள் வேண்டாம். கமெராவில் அவை அலைபாயும். சட்டையில் பொருத்தும் சிறு ஒலிவாங்கியில் நீண்ட மாலையும் கல்வைத்த முந்தானையும் உரசினால் பேச்சைவிட அந்தச் சத்தமே கேட்கும். உயர்ந்த மேடையில் தாழ்ந்த சோபாவில் அமரும்போது கீழிருந்துதான் படமெடுப்பார்கள் என்பதால், முதல் நாளே அதே உடையில் ஒரு தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, எதிரே தரையில் ஒருவரை இருத்திப் படமெடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.