படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பவானித் தறிக்குழியில் நான் கற்றது

நாற்பது வருஷமாகக் கட்டுரை எழுதுகிறேன். ஏறக்குறைய அத்தனை வருஷமும் கழுத்தில் கேமரா தொங்குகிறது. எழுத்தில் அடங்காததைப் படத்திலும், படத்தில் நிற்காததை எழுத்திலும் சொல்லிவிடலாம் என்றுதான் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துத் தம்பிகள் தங்கள் படங்களைக் கொண்டுவந்து காட்டும்போது, நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். ஃபோகஸ், கலர் எல்லாம் சரியாகவே இருக்கும். பார்ப்பவருக்கு என்ன சொல்ல வந்தார்கள் என்பது மட்டும் தெரியாது.

பெரிய தவறு, அழகைப் பார்த்தவுடன் கிட்டப்போய்விடுவது. ஃபிலிம் காலத்தில் பவானியில் ஜமக்காளம் நெய்யும் பெரியவர் ஒருவரை எடுத்தேன். ரோலில் 36 படம். பாதியை அவர் கைகளுக்கே செலவழித்தேன். வாசல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தது. விரல் கணுக்களில் சிவப்புச் சாயம் ஏறியிருந்தது, புறங்கை மயிரில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. பெருமையாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப்போய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. என்ற பக்கத்துல உக்காந்து நாடா வாங்குனவ எங்கே?" என்றார்.

அகலமான ஜமக்காளத்தை ஒரே ஆள் நெய்ய முடியாது. தரைக்குழியில் கால்களை இறக்கி நெய்யும் குழித்தறியில் இரண்டு பேர் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒருவர் தள்ள, மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். அன்று அந்த இன்னொருவர் அவருடைய மனைவி. கைகள் அழகாக வரவேண்டும் என்று நான் வெட்டிவிட்ட பாதியில் அந்த அம்மா இருந்தார், தறிக்குழி இருந்தது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் விற்பதாக நெசவாளர்கள் இன்றும் குமுறுகிறார்கள். பட்டை பட்டையான வண்ணக் கோடுகளை மட்டும் எடுத்தால் எது கைத்தறி, எது விசைத்தறி என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? குழிக்குள் இறங்கிய கால்கள் படத்தில் வரவேண்டும். ஆகவே கிட்டப்போகும் முன் இரண்டு எட்டு பின்னால் வந்து, இந்த வேலை நடக்க யார் யார் வேண்டும், என்னென்ன வேண்டும் என்று முழுசாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, வெளிச்சத்தை கேமராவின் கணக்குக்கே விட்டுவிடுவது. வெள்ளக்கோவில் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் சித்திரை வெயிலில் இது நன்றாகத் தெரியும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துத்தான் கேமராவின் மீட்டர் அளக்கிறது. படம் முழுக்க வெளுத்த காங்கேயம் பசுக்கள் நின்றால், அது வெளிச்சத்தைக் குறைத்து எல்லாவற்றையும் அழுக்குச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும்படி, கூட்டி வைக்க வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். மயிலை (சாம்பல் கலந்த வெளுப்பு), காரி (கருப்பு), செவலை (சிவப்பு) என்று நிறத்தை வைத்தே மாட்டைப் பேசுகிற ஊர் இது. மயிலையைக் காரியாகக் காட்டும் படம் இங்கே பொய் சொல்கிற படம். மஞ்சள் மண்டியிலும் அப்படித்தான். வியாபாரி விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்துத்தான் விலை சொல்கிறார். நாம் போனில் கலரை ஏற்றிவிட்டால் எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சளாகிவிடும்.

கேட்காமல் எழுதுவது இன்னொரு தவறு. வெளுத்த பசுவின் பக்கத்தில் நின்ற செவலைக் கன்றைப் படமெடுத்த ஒரு தம்பி, அடியில் 'வேறு இனக் கன்று' என்று எழுதியிருந்தார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும்; ஆறு மாதவாக்கில்தான் நிறம் மாறும். கயிற்றைப் பிடித்து நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், பிள்ளைகள் தோளில் சாய்ந்திருக்க ஒரு தாய் தூரத்தைப் பார்க்கும் படத்தை அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே எடுத்தார். உலகமே அறிந்த படம். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். காரின் டயர்களை விற்றுச் சாப்பிட்டார்கள் என்றும் குறித்திருந்தார். விற்க எங்களிடம் டயரே இல்லை என்று குடும்பத்தார் மறுத்தார்கள். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. நாற்பத்திரண்டு வருஷம் அந்த முகம் பெயரில்லாமல் ஊர் ஊராகப் போயிருக்கிறது. லாங்கே மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து பெயர், ஊர், செய்கிற வேலை இந்த மூன்றையும் நோட்டில் குறிக்காமல் ஒரு இடத்தை விட்டுக் கிளம்புவதில்லை.

ஒரே காட்சியை இருநூறு தடவை அழுத்தி அத்தனையையும் காட்டுவதையும் விடுங்கள். சொல்ல வந்ததைச் சொல்கிற ஐந்தைப் பொறுக்கினால் போதும்.

பவானிக்கு மறுபடி போனேன். இருவரும் தெரிய, குழியும் தெரிய எடுத்து, அடுத்த வாரமே பிரிண்ட் கொண்டுபோனேன். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். "பின்னால எங்க ரெண்டு பேரு பேரையும் எழுதிக் குடுத்துட்டுப் போ சாமி" என்றார். பேனாவை எடுத்த பிறகுதான் அவர் பெயரைக் கேட்டேன்.