1981 ஈஓ27: ஒரு சிறுகோள்ட பேர விரல் விட்டு எண்ணிப் படிக்கிற விதம்

போன கிழமை கரண்ட் இல்லாத நேரம் கல்லடி கடற்கரையில இருந்தம், தங்கச்சிட மகன் வானத்தக் காட்டி "மாமா, இதுல நம்மட நாட்டு ஆக்கள்ட பேர் ஒண்டும் இல்லயா" எண்டு கேட்டான். ஒரு சிறுகோளுக்கு இரிக்கு, ஆனா கண்ணால பார்க்க ஏலா, அவ்வளவு மங்கல். விஞ்ஞானக் கதை எழுதின ஆர்தர் சி. கிளார்க்ட பேர். பிறந்தது இங்கிலாந்துல, ஆனா 1956ல இருந்து 2008ல சாகும் வரைக்கும் இலங்கையிலதான் இருந்தவர், திருகோணமலைக் கடலுக்குள்ளயும் முங்கிப் பார்த்தவர், நம்மடாள் எண்டே வச்சுக்குவம்.

படி 1: போன்ல ஜேபிஎல் ஸ்மால் பாடி டேட்டாபேஸ் (JPL Small-Body Database) எண்டு தேடித் திறங்க, நாசாட சிறுகோள் பட்டியல் அது. தேடுற பெட்டியில 4923 எண்டு அடிங்க, அதுதான் இந்தச் சிறுகோள்ட நிரந்தர நம்பர். கிளார்க் எண்டு வரும், வகை மெயின் பெல்ட். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற கூட்டம் அது.

படி 2: பக்கத்துல 1981 ஈஓ27 (1981 EO27) எண்டு ஒண்டு கிடக்கும். அதுதான் பேர் வைக்க முந்தின தற்காலிகப் பேர். 1981 கண்ட வருசம். மொத இங்கிலிஷ் எழுத்து கண்ட அரை மாசம்: ஏ ஜனவரி முதல் 15 நாள், பி மிச்ச ஜனவரி, சி டி பெப்ரவரி, அப்ப ஈ மார்ச் முதல் பாதி. சரியா? ஷெல்டே பஸ் எண்ட வானியலாளர் அவுஸ்திரேலியாவுல சைடிங் ஸ்பிரிங் வானாய்வு நிலையத்துல எடுத்த படத்துல கண்டது மார்ச் 2.

படி 3: இதுலதான் எல்லாரும் சறுக்குற. ரெண்டாவது எழுத்து வரிசை நம்பர், ஆனா ஐ எழுத்த எண்ணக் கூடாது, ஒண்டு மாதிரி தெரியிறதால விட்டுட்டாங்க, அப்ப மொத்தம் 25 எழுத்துதான். ஓ பதினாலாவது. பின்னால இரிக்கிற 27, இருபத்தஞ்சு எழுத்தும் 27 தரம் முடிஞ்சிட்டு எண்டு அர்த்தம். 27ஐ 25ஆல பெருக்கினா 675, மறுகா 14 கூட்டினா 689. அந்த அரை மாசத்துல கண்டதுல 689ஆவது!

படி 4: சுத்துற பாதை நல்லா உறுதியானா நிரந்தர நம்பர் குடுப்பாங்க, மறுகா கண்டுபுடிச்சவருக்கு பேர் சொல்ல 10 வருசம் உரிமை. 16 எழுத்துக்கு மேல போகேலா, சர்வதேச வானியல் ஒன்றியத்துட குழுவும் ஓம் எண்டு சொல்லணும். ஒருத்தர் தன்ட பூனைட பேர, மிஸ்டர் ஸ்பொக் எண்டு, 2309க்கு வச்சிட்டார், அதுக்குப் பிறகு வளப்புப் பிராணிப் பேர் வேணாமெண்டு சொல்லிட்டாங்க. கிளார்க்குக்கு 2001ஆம் நம்பர் சிறுகோள்தான் பொருத்தம், அவர்ட பேர்போன கதை "2001: எ ஸ்பேஸ் ஒடிசி"ட பேர்லயே அந்த நம்பர்தானே, என்ன செய்ற, அது முந்தியே ஐன்ஸ்டைனுக்குப் போயிட்டு.

இப்ப நீங்க செய்ங்க: 5020 அசிமோவ் (இவரும் விஞ்ஞானக் கதை எழுதினவர்), 1981 ஈஎக்ஸ்19 (1981 EX19). 498 வரணும். 499 வந்தா ஐயத் தாண்ட மறந்திட்டீங்க.