சொட்டுநீர் மானியமும் அப்பா பெயரில் இருந்த பட்டாவும்
மூன்று ஏக்கர் தென்னைக்குச் சொட்டுநீர் மானியம் கேட்டேன். தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம்; மற்றவர்களுக்கு 75. மனு திரும்பி வந்தது. சிட்டாவில் (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு) இருந்தது காலமான அப்பாவின் பெயர். அதே தாள்களை மறுபடியும் கொடுத்துப் பார்த்தேன் (மடத்தனம்தான்).

அப்புறம்தான் வரிசை புரிந்தது: முதலில் வாரிசுச் சான்று. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து தந்தாள். பிறகு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதல். புதுச் சிட்டாவைக் காட்டியதும் சிறு விவசாயி சான்று கிடைத்தது. அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு), புல வரைபடம், ஆதாரோடு மறுபடி விண்ணப்பித்தேன். சரி, இந்த முறை குழாய் வந்தது.

மானியப் பணம் நேராகக் குழாய் போடும் கம்பெனிக்கே போய்விடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் நம்பவில்லை.