லினக்ஸ் யூனிக்ஸின் காப்பியா? லேபில் வைத்தே சரிபார்க்கும் முறை

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) லேப் எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று: "ஏனுங்க சார், லினக்ஸ்ங்கிறது யூனிக்ஸோட காப்பி தானுங்களே?" ஆமாம் என்றால் தப்பு. இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டாலும் முழுப் பதில் ஆகாது. ஒரு மணி நேர லேபில், பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி இதை எப்படி நடத்துவது என்பதே இந்தக் குறிப்பு.

முதலில் போர்டில் மூன்று கேள்விகளை எழுதிப் போடுங்கள். பெயர் யாருடையது? வடிவமைப்பு யாருடையது? கோடு (சோர்ஸ் கோட்) யாருடையது? லினக்ஸ், யூனிக்ஸ் பிறப்பைப் பற்றிப் புழங்கும் தப்பான தகவல்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை. யாராவது ஒன்றைச் சொன்னால், அது மூன்றில் எதைப் பற்றியது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

முன்தயாரிப்பு கொஞ்சம்தான். லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) தளத்தில் 'ஹிஸ்டாரிக்' என்ற ஃபோல்டரில் முதல் பதிப்பான 0.01-இன் டார் கோப்பு இருக்கிறது. 100 கேபி கூட இல்லை. அதன் ரிலீஸ் நோட்ஸ் அங்கேயே பழைய பதிப்புகளுக்கான ஃபோல்டரில் தனியாக இருக்கிறது. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் சோர்ஸ், யூனிக்ஸ் ஹெரிடேஜ் சொசைட்டியின் காப்பகத்தில் கிடைக்கும். பழைய யூனிக்ஸ் சோர்ஸை 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பிஎஸ்டி பாணி லைசென்ஸில் திறந்துவிட்டதால், வகுப்பில் பயன்படுத்தத் தடை இல்லை. கூடவே குனு கோர்யூட்டில்ஸ் (எல்எஸ், டேட் போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) சோர்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முந்தின நாளே இறக்கி பென் டிரைவில் போட்டுக்கொண்டு போவது நல்லது. முப்பது சிஸ்டமும் ஒரே நேரத்தில் டவுன்லோட் செய்தால் லேப் நெட் படுத்துவிடும். 0.01-ஐ விரிக்கும்போது தனி ஃபோல்டர் போட்டு அதற்குள் விரியுங்கள். அது 'லினக்ஸ்' என்ற பெயரிலேயே விரியும். ஏற்கெனவே அதே பெயரில் ஃபோல்டர் இருந்தால் இரண்டும் கலந்துவிடும்.

இப்போது டெர்மினல். யூநேம் கட்டளையை -எஸ் போட்டு ஓட்டினால் 'லினக்ஸ்' என்று வரும். -ஓ போட்டால் உபுண்டுவில் 'குனு/லினக்ஸ்' என்று வரும். எஸ், ஓ இரண்டையுமே ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் வைத்திருக்கும் பையன் இருந்தால் அவனையும் ஓட்டச் சொல்லுங்கள். முதலாவதற்கு லினக்ஸ் என்றே வரும், இரண்டாவதற்கு ஆண்ட்ராய்டு என்று வரும். கெர்னல் வேறு, அதன் மேல் உட்காரும் மென்பொருள் வேறு என்பதைக் காட்ட இதைவிட நேரான வழி இல்லை.

அடுத்து எல்எஸ் கட்டளையை வெர்ஷன் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். கடைசி வரியில் எழுதியவர்கள் ரிச்சர்ட் ஸ்டால்மன், டேவிட் மெக்கன்சி என்று இருக்கும். லினக்ஸ் கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயர் இருக்காது. "லினஸ் தனியாளாக மொத்த ஓஎஸ்ஸையும் எழுதினார்" என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடும். யூனிக்ஸ் மாதிரி ஒரு சுதந்திர ஓஎஸ்ஸை உருவாக்க ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டம் அறிவிக்கப்பட்டது 1983 செப்டம்பரில். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் தன் கெர்னலைப் பற்றி முதன்முதலில் ஊருக்குச் சொன்ன செய்தியிலேயே, பாஷ் ஷெல் 1.08-ஐயும் ஜிசிசி கம்பைலர் 1.40-ஐயும் அதில் ஓடவைத்துவிட்டதாகக் குறிப்பிட்டிருக்கிறார். இரண்டும் குனு மென்பொருள்கள்.

ஒரு எச்சரிக்கை. உபுண்டு 25.10 போட்ட சிஸ்டத்தில் இந்தப் பெயர்கள் வராது. அதில் குனு கோர்யூட்டில்ஸுக்குப் பதிலாக, ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதிய யூயூட்டில்ஸ் இருக்கிறது. லேபில் கலவையான சிஸ்டங்கள் இருந்தால் எதில் எது வருகிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான வேலை. 0.01 ஃபோல்டருக்குள் இன்க்ளூட் என்ற ஃபோல்டரில் எர்நோ ஹெடர் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். பிழை எண்களின் பட்டியல் அது: 1 என்றால் அனுமதி இல்லை, 2 என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலும் 1, 2 இரண்டுக்கும் இதே பொருள்தான். இதைப் பார்த்ததும் "அப்ப காப்பிதானுங்க" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அவசரப்படாமல் கோப்பின் தலையில் இருக்கும் கமெண்டைப் படிக்கச் சொல்லுங்கள். எண்களைத் தெரிந்துகொள்ள வேறு வழி கிடைக்காததால் மினிக்ஸ் என்ற பாட ஓஎஸ்ஸில் உள்ள எண்களையே பயன்படுத்த வேண்டியதாயிற்று என்று லினஸ் அதில் எழுதியிருக்கிறார். போசிக்ஸ் (யூனிக்ஸ் மாதிரி ஓஎஸ்களுக்கான பொது விதிகள்) தரநிலை ஆவணத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்ற கடுப்பும் அதிலேயே தெரியும்.

அதே இன்க்ளூட் ஃபோல்டருக்குள் லினக்ஸ் என்ற உள்ஃபோல்டரில் எஃப்எஸ் ஹெடரைத் திறங்கள். சூப்பர் பிளாக்கின் மேஜிக் எண் (எந்த ஃபைல்சிஸ்டம் என்று அடையாளம் காட்டும் எண்) பதினாறடிமானத்தில் 137எஃப், கோப்புப் பெயரின் நீளம் 14 எழுத்து. பிறகு இன்றைய உபுண்டுவில் யூஎஸ்ஆர், இன்க்ளூட், லினக்ஸ் என்று போய் மேஜிக் ஹெடரில் மினிக்ஸ் என்று தேடுங்கள். அதே 137எஃப், மினிக்ஸின் பெயரிலேயே இருக்கும். அந்த ஹெடர் இல்லை என்று வந்தால் லினக்ஸ் லிப்சி டெவ் பேக்கேஜ் போடவில்லை என்று பொருள், போட்டால் வந்துவிடும்.

ஆக லினக்ஸின் முதல் ஃபைல்சிஸ்டம் மினிக்ஸின் அமைப்பு. மினிக்ஸ், ஆண்ட்ரூ டேனன்பாம் 1987-இல் பாடம் நடத்துவதற்காக வெளியிட்ட ஓஎஸ். லினஸ் அதன் மேல் உட்கார்ந்துதான் வேலை செய்தார், வட்டு அமைப்பை அதிலிருந்தே எடுத்தார். கோடு மட்டும் அவர் எழுதியது. மினிக்ஸ் மைக்ரோகெர்னல் (பெரும்பாலான வேலைகள் கெர்னலுக்கு வெளியே), லினக்ஸ் மோனோலிதிக் (எல்லாம் கெர்னலுக்குள்ளேயே). 1992 ஜனவரியில் இருவரும் பொதுவெளியில் மோதிக்கொண்டதே இதைப் பற்றித்தான். சென்னிமலைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைச் சட்டென்று புரியவைக்கலாம்: டிசைனைப் பார்த்து, சொந்தத் தறியில், சொந்த நூலில் நெய்த துணி அது.

பிழை எண்கள் ஒத்துப்போவதற்கும் காரணம் இதுதான். ஒரு புரோகிராம் எந்த யூனிக்ஸ் மாதிரி ஓஎஸ்ஸிலும் ஓட வேண்டுமென்றால் அது எதிர்பார்க்கும் பெயர்களும் எண்களும் அப்படியே இருந்தாக வேண்டும். 2003-இல் எஸ்சிஓ நிறுவனம், லினக்ஸில் யூனிக்ஸ் கோடு இருக்கிறது என்று குற்றம் சாட்டியபோது காட்டிய கோப்புகளில் எர்நோ ஹெடரும் ஒன்று. கடைசியில் யூனிக்ஸ் பதிப்புரிமையே எஸ்சிஓவிடம் இல்லை, நோவெல் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்று 2007-இல் நீதிமன்றம் சொல்லி, 2010-இல் ஜூரியும் அதையே உறுதி செய்தது.

கோடு ஒன்றா என்பதற்கு நேரடிச் சோதனையும் உண்டு. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் எல்எஸ் சோர்ஸையும் குனுவின் எல்எஸ் சோர்ஸையும் டபிள்யூசி கட்டளையால் எண்ணுங்கள். முதலாவது சில நூறு வரி, அடுத்தது 5000 வரிக்கு மேல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து ஒரு ஃபங்ஷனையாவது வரிவரியாகப் படியுங்கள். இரண்டு கோப்புகளை ஒப்பிடும் டிஃப் கட்டளையை ஓட்டுவதில் பலன் இல்லை; எல்லா வரியும் மாறியதாகக் காட்டுமே தவிர, பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது.

தேதிகளில் வரும் குழப்பத்துக்கு டேட் கட்டளை போதும். டேட், இடைவெளி, -டி, இடைவெளி, @0 என்று தட்டுங்கள். 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று வரும். "யூனிக்ஸ் 1970 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தது" என்று வினாடி வினாக்களில் கேட்பதற்கு வேர் இதுதான். இது எண்ணிக்கை தொடங்கும் புள்ளி மட்டுமே. 5:30 ஏன் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்: கிரீன்விச்சில் நள்ளிரவு, நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். கென் தாம்ப்சன் பெல் லேப்ஸில் பிடிபி-7 கணினியில் யூனிக்ஸைத் தொடங்கியது 1969-இல். 1971 நவம்பரில் வந்த முதல் பதிப்பின் மேனுவலில் தொடக்கப் புள்ளி 1971 ஜனவரி 1 என்றே இருந்தது. நொடியை அறுபதாகப் பிரித்து 32 பிட்டில் எண்ணினார்கள், அந்த எண் இரண்டேகால் ஆண்டு சொச்சத்தில் நிரம்பிவிடும்; அது சில ஆண்டுக்கே தாங்கும் என்று அந்த மேனுவலே எச்சரித்தது. பிறகு முழு நொடிக்கு மாறினார்கள், புள்ளியும் 1970-க்குப் போனது.

யூனிக்ஸ் முதலிலிருந்தே சி மொழியில் எழுதப்பட்டது என்பதும் தப்பு. தொடக்கத்தில் அசெம்பிளி, சி-க்கு மாறியது 1973-இன் நான்காம் பதிப்பில். 'ஸ்பேஸ் டிராவல்' விளையாட்டுக்காகவே யூனிக்ஸ் உண்டானது என்பது பாதிக் கதை. அந்த விளையாட்டை பிடிபி-7-க்கு மாற்றியது உண்மை, ஆனால் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் ருட் கனடேயும் ஃபைல்சிஸ்டத்தின் வடிவத்தை அதற்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றை நம்பி வருடம் சொல்பவர்களும் உண்டு. லினக்ஸின் கிட் களஞ்சியத்தில் முதல் கமிட் 2005 ஏப்ரல். அதன் செய்தியிலேயே, பழைய வரலாறு கையில் இருக்கிறது, இதில் சேர்க்கவில்லை என்று லினஸ் எழுதியிருக்கிறார். அதைக் காட்ட முழு களஞ்சியத்தையும் குளோன் செய்யாதீர்கள், பல ஜிபி ஆகும். அந்த ஒரு கமிட்டை மட்டும் பிரவுசரில் திறந்தால் போதும்.

லைசென்ஸுக்கு 0.01-இன் ரிலீஸ் நோட்ஸைப் படிக்கவையுங்கள். சோர்ஸ் கொடுத்தாக வேண்டும், காசு வாங்கவே கூடாது என்று இருக்கும். அது இன்று லினக்ஸ் பயன்படுத்தும் ஜிபிஎல் லைசென்ஸ் இல்லை. ஜிபிஎல்லுக்கு மாறும் அறிவிப்பு 0.12-உடன் வந்து, 1992 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பெயர் பற்றிய கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நேரம் குறைவாகப் பிடிக்கும். யூனிக்ஸ் என்ற டிரேட்மார்க் தி ஓபன் குரூப் என்ற தரநிலை அமைப்பிடம் இருக்கிறது. சோதனையில் தேறி, பதிவு செய்தவர்களே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆப்பிளின் மேக் ஓஎஸ் 2007-இல் வந்த 10.5 பதிப்பிலேயே அதை வாங்கிவிட்டது. உபுண்டுவும் டெபியனும் வாங்கவில்லை. ஹுவாவேயின் ஆய்லர் ஓஎஸ் லினக்ஸ் விநியோகமாக இருந்தும் வாங்கியது. அதனால் வினாடி வினாத் தாளில் "லினக்ஸ் யூனிக்ஸா?" என்று மொட்டையாகக் கேட்காமல், "உபுண்டு யூனிக்ஸ் சான்றிதழ் பெற்றதா?" என்றோ "லினக்ஸ் 0.01-இல் மினிக்ஸிலிருந்து வந்தது எது, கோடா, வட்டு அமைப்பா?" என்றோ கேளுங்கள்.