நுரையீரல் எவ்வளவு காற்றைக் கொள்ளும்? வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

மூச்சை முழுமையாக உள்ளிழுத்தபின் இயன்றவரை வெளியேற்றும் காற்றின் அளவை உயிர்ப்புத்திறன் என்பர். மருத்துவமனையில் இதை ஸ்பைரோமீட்டர் கொண்டு அளப்பார்கள். தோராயமாக அறிய ஒரு தண்ணீர் கேனும் ரப்பர் குழாயும் போதும். அண்மையில் கண் அல்லது மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், நெஞ்சுவலி உள்ளவர்களும், சளியில் இரத்தம் காண்பவர்களும் இதைச் செய்யக் கூடாது.

10 லிட்டர் கேனில் விளிம்புவரை நீர் நிரப்பி, வாயை மூடி, பாதி நீருள்ள அகன்ற தொட்டியில் கவிழ்த்து, நீருக்கடியில் மூடியை எடுத்துவிடுங்கள். கேன் கனமாக இருக்கும் என்பதால் மற்றொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. குழாயின் ஒரு முனையைக் கேனுக்குள் செலுத்தி, நிமிர்ந்து நின்று மூச்சை நிறைய இழுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, இனி வராது என்னும்வரை ஊதுங்கள். பிறகு நீருக்கடியிலேயே கேனை மூடி நிமிர்த்தி, அதை மீண்டும் நிரப்ப எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று அளவுக்குவளையால் பாருங்கள். இடையிடையே ஓய்வெடுத்து மூன்று முறை ஊதி, மிக அதிகமான அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள். ஒருவர் ஊதிய குழாயை மற்றவர் பயன்படுத்த வேண்டாம்.

ஆண்களுக்கு 4.8 லிட்டர், பெண்களுக்கு 3.1 லிட்டர் என்று பாடநூல்கள் தரும் சராசரியோடு மட்டும் ஒப்பிட்டுக் கவலைப்படுவது வீண். முதலில் பார்க்க வேண்டியது உயரம். 1846-இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து, உயரம் கூடக் கூட இந்த அளவும் கூடுவதைக் காட்டினார். ஒரே உயரமுள்ள இருவரில்கூட, கால் நீண்டவரைவிட உடற்பகுதி நீண்டவருக்குச் சற்று அதிகம் இருக்கலாம். அதே உயரமுள்ள ஆணைவிடப் பெண்ணுக்கு நுரையீரல் சிறியது.

வயதின் விளைவு சற்று விந்தையானது. இருபது முதல் இருபத்தைந்து வயதுக்குள் உச்சத்தை எட்டியபின் நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் மீள்தன்மை தளர்ந்து மார்புச்சுவர் விறைப்பதால், எவ்வளவு ஊதினாலும் உள்ளேயே தங்கிவிடும் எஞ்சிய கொள்ளளவு, அதாவது இளமையில் ஏறத்தாழ 1.2 லிட்டராக இருப்பது, ஆண்டுதோறும் கூடி, ஊதக்கூடிய பங்கைக் குறைக்கிறது. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதாலும், படுத்த நிலையில் ஊதுவதாலும் அளவு குறையும்.

மூச்சுப்பயிற்சி சுவாசத் தசைகளை வலுவாக்கும். வளர்ந்தவரின் நுரையீரலை அது இருமடங்காக்கும் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். படியேறும்போது புதிதாக மூச்சு வாங்கினால், கேன் காட்டும் எண் எதுவாயினும், முறையான ஸ்பைரோமீட்டர் சோதனை செய்துகொள்ளுங்கள்.