கழற்றிய கார் ஆடியோ பிளேயரைத் திரும்பப் பூட்டுவது எப்படி?

பழுது பார்த்து முடித்தாயிற்று. இனி பூட்ட வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஓடும் வண்டி என்றால் முதலில் கனெக்டர் பின்களைப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட டூத் பிரஷ்ஷால் தேய்த்து, முழுசாகக் காயவிடுங்கள்.

பவர் ஐசியை (ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் சிப்) கழற்றியிருந்தால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக மெல்லிசாகத் தடவி, சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்கோடு இறுக்குங்கள்.

அடுத்து, சிடியைச் சுழற்றும் பகுதியான சிடி டெக். ஸ்பிரிங்கும் ரப்பரும் தத்தம் இடத்தில் உட்கார்ந்த பிறகு, விரலால் லேசாக அழுத்தினால் டெக் மெத்தென்று அசைய வேண்டும். விறைத்து நின்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் பாட்டு எகிறும்.

இப்போது ரிப்பன் கேபிள், அதாவது பட்டையான மெல்லிய கேபிள். அவசரமே கூடாத இடம் இதுதான். கேபிள் செருகும் சாக்கெட்டின் லாக்கை முதலில் திறவுங்கள். சிலது மேலே தூக்கும், சிலது வெளியே நகரும். பளபளக்கும் முனை எந்தப் பக்கம் பார்த்தது என்று கழற்றும்போது எடுத்த போட்டோவில் உறுதி செய்துகொண்டு, கேபிளை நேராகச் செருகி லாக்கை மூடுங்கள். வெளியே தெரியும் விளிம்பு இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள். அழுத்திச் சரிசெய்யப் பார்த்தால் லாக் ஒடியும். அது தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

மூடியைப் போடாமலே சோதியுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் மஞ்சள், சிவப்பு ஒயர்கள் இரண்டையும், மைனஸில் கறுப்பையும் கொடுங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரைப் பாடியில் எர்த் செய்யவே செய்யாதீர்கள், பவர் ஐசி போய்விடும்.

பாட்டு வந்ததும் மூடியைத் திருகுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதைப் போட்டால் அது டெக்கில் போய் இடிக்கும். முன் பேனலின் எல்லாக் கிளிப்பும் 'டிக்' என்று விழ வேண்டும்.

காரில் பொருத்துமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். ஒயர்கள் நசுங்காமல் பிளேயரை உள்ளே தள்ளி, பேட்டரியைத் திரும்ப மாட்டுங்கள். பிறகு புதுச்சேரி ரெயின்போ எஃப்.எம். 102.8 வைத்துப் பாருங்கள். இரைச்சலாக வந்தால் ஆன்டெனா பிளக் பாதிதான் ஏறியிருக்கும். சாவியை அணைத்துப் போடும்போதெல்லாம் சேமித்த ஸ்டேஷன்கள் அழிந்தால் மஞ்சளும் (எப்போதும் கரண்ட் வரும் மெமரி ஒயர்) சிவப்பும் (சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயர்) மாறியிருக்கின்றன. இரண்டையும் இடம் மாற்றுங்கள்.